வண்டல் விசிறிகளில் அமைந்த வறள் மேய்ச்சல்நில இருமண்ணின் இயல்புகள்: வீரபாண்டி வட்டாரத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றுப் பாசனம் எட்டாத மலையடிவாரச் சரிவுகள் நெடுங்காலமாக மேய்ச்சல் நிலங்களாகவும் மானாவாரிக் காடுகளாகவும் இருந்துவருகின்றன. மலையோடைகள் கொணர்ந்து பரப்பிய வண்டல் விசிறிகள் இச்சரிவுகளின் குறிப்பிடத்தக்க கூறாகும். அவற்றின் மீது அமைந்த இருமண்ணின் தோற்றம், துகளமைப்பு, மேற்பரப்பு இயல்பு, ஆழ அடுக்குகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இம்மண்ணின் பயன் அதன் நிறத்தாலோ ‘தரிசு’ என்னும் பதிவாலோ அறியப்படுவதன்று; விசிறியில் அது அமைந்த இடம், மேற்பரப்பின் நிலை, ஆழம் ஆகிய மூன்றாலும் அறியப்படுவது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: வண்டல் விசிறி, இருமண், மேய்ச்சல் நிலம், சுக்கான், கரம்பை, பாலை, கம்பம் பள்ளத்தாக்கு, வீரபாண்டி.

முன்னுரை

கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவால் அறியப்பெற்ற வீரபாண்டி, முல்லைப் பெரியாற்றின் கரையில் அமைந்த ஊர். ஆற்றை ஒட்டிய வயல்களில் நெல் விளைகிறது. ஆற்றை விட்டு விலகி மேற்கே போடி மலைகளை நோக்கிச் செல்லச் செல்ல நிலம் மெல்ல உயர்கிறது. வயல் மறைந்து தோட்டமும், தோட்டம் மறைந்து மானாவாரிக் காடும், அதற்கு மேல் புதரும் புல்லும் கலந்த அடிவாரமும் வருகின்றன. சில கிலோமீட்டர்த் தொலைவுக்குள் நிகழும் இம்மாற்றத்திற்கு நீரின்மையை மட்டும் காரணமாகக் கூறுவது வழக்கம். அதற்கு இணையான மற்றொரு காரணம் மண்ணின் அமைப்பாகும்.

தமிழிலக்கிய மரபு இத்தகைய நிலத்தை நோக்கிய முறை இங்கு எண்ணத்தக்கது. தொல்காப்பியம் நானிலங்களுக்கும் தெய்வம் வகுத்துக் கூறியபோது பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்வதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. எனவே, பாலை என்பது ஓர் இடம் அன்று. நிலம் அடையும் ஒரு நிலை. வறள் மேய்ச்சல்நில மண்ணைப் பற்றிய இன்றைய அறிவியலும் இதையொத்த ஒரு முடிவுக்கே வந்துள்ளது.

நில அமைப்பும் மழையும்

கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலையின் முதன்மைத் தொடரும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டு மலைகளும் இதனைச் சூழ்ந்துள்ளன. பள்ளத்தாக்கின் தரைப்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் இருக்க, போடிக்கு மேலுள்ள மலைமுகடுகள் 2,000 மீட்டரைத் தாண்டுகின்றன. இவ்வளவு பெரிய உயர வேறுபாடு குறுகிய தொலைவுக்குள் அமைவதே வண்டல் விசிறிகள் தோன்றுவதற்கான முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை மழையின் தன்மை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்துச் சரிவுகளில் பொழிந்துவிடுகிறது. மலையின் கிழக்கே அமைந்த பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாகும். தேனி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 830 மி.மீ. எனக் கணக்கிடப்படுகிறது. ஆண்டு மழையில் கணிசமான பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், சில நாள்களுக்குள், வலுவாகப் பெய்கிறது. ஆண்டு முழுவதும் ஆவியாகக்கூடிய நீரின் அளவு இம்மழையை வெகுவாக விஞ்சும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மழையைவிடக் காற்றே மிகுதி. மாவட்டத்தில் காற்றாலைகள் பெருகியமைக்கும் அக்காற்றே காரணம்.

1895இல் பெரியாறு அணை பயன்பாட்டிற்கு வந்தபின், மேற்கே ஓடிய நீர் சுரங்கவழியாகப் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெற்சாகுபடி நிலமாக வரையறுக்கப்பட்டதும் அந்நீரை நம்பியே. ஆயினும் ஈர்ப்பு விசையால் ஓடும் கால்வாய்நீர், கால்வாய் மட்டத்திற்கு மேலுள்ள சரிவுகளை எட்டாது. பிற்காலத்தில் பதினெட்டாம் கால்வாய் போன்ற திட்டங்கள் இவ்வெல்லையை ஓரளவு மேலே நகர்த்தின. அதற்கும் மேலுள்ள நிலம் தன்மீது பெய்யும் மழையையும், தனக்கு மேலுள்ள ஓடைகளின் வெள்ளத்தையும் மட்டுமே நம்பியுள்ளது.

வண்டல் விசிறி உருவாகும் முறை

மலையிடுக்கில் ஓடும் வெள்ளம் ஒடுங்கிய வாய்க்காலில் ஆழமாகவும் விரைவாகவும் பாய்வதால் பாறை, சரளை, மணல், நுண்துகள் அனைத்தையும் சுமந்துவர வல்லது. இடுக்கைக் கடந்து அடிவாரத்தை அடைந்ததும் வெள்ளம் பரவுகிறது, ஆழம் குறைகிறது, சரிவு தணிகிறது, நீரின் ஒரு பகுதி தரைக்குள் இறங்குகிறது. இவற்றால் சுமக்கும் ஆற்றல் குன்ற, பெரிய கற்கள் முதலிலும், சரளையும் பருமணலும் அடுத்தும், நுண்மணலும் வண்டல்துகளும் களியும் கடைசியிலும் படிகின்றன. படிவு உயர்ந்து பழைய வாய்க்கால் அடைபடும்போது வெள்ளம் பக்கத்திலுள்ள தாழ்வான வழியைத் தேடிக்கொள்கிறது. இவ்வாறு வழி மாறி மாறிப் பாய்வதால், இடுக்கின் வாயை உச்சியாகக் கொண்டு விரித்த விசிறி போன்ற படிவு உருவாகிறது. அடுத்தடுத்த ஓடைகளின் விசிறிகள் ஒன்றோடொன்று இணைந்த தொடர்ச்சரிவு ‘பஜாடா’ எனப்படும். இது இறக்கம் என்னும் பொருள்படும் ஸ்பானியச் சொல். தேனி மாவட்ட நிலத்தோற்ற ஆய்வுகளில் மலையடிவாரத்துக்குரிய அலகுகளுள் ஒன்றாக இது குறிக்கப்படுகிறது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு விசிறியை மூன்று பகுதிகளாகக் கொள்ளலாம். விசிறித்தலை கல்லும் சரளையும் மிக்கது. நீர் விரைந்து இறங்குவதால் நிலத்தடி நீர் ஊறுவதற்கு ஏற்றது. விசிறியிடை சரளை குறைந்து மணலும் நுண்துகளும் கலந்த பகுதி. இருமண் பெரிதும் அமைவது இங்கேயாகும். விசிறியடி களியும் வண்டல்துகளும் மிக்கது. நீர் தேங்கும் இயல்புடையது. ஒரே ஓடை, ஒரே பாறை, ஒரே மழை ஆகியவற்றிலிருந்து மூவகை மண் பிறப்பதற்கு நீரின் வேகம் தணிந்த வரிசையே காரணம்.

இருமண்ணின் துகளமைப்பு

மணல், வண்டல்துகள், களி ஆகிய மூன்றும் ஒன்று மற்றொன்றை அடக்கிவிடாத அளவில் கலந்த மண்ணே இருமண். அமெரிக்க வேளாண்துறையின் வகைப்பாட்டின்படி 2 முதல் 0.05 மி.மீ. வரை விட்டமுள்ளவை மணல், 0.05 முதல் 0.002 மி.மீ. வரை உள்ளவை வண்டல்துகள். அதனினும் சிறியவை களி. களி 7 முதல் 27 விழுக்காடும், வண்டல்துகள் 28 முதல் 50 விழுக்காடும், மணல் 52 விழுக்காட்டிற்கு மிகாமலும் இருப்பின் அது இருமண் எனப்படும். மணல் இதனினும் மிகுமாயின் மணல்சார் இருமண் ஆகும்.

வறண்ட நிலத்தில் இருமண் சிறப்புப் பெறுவதற்குக் காரணம் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல். மணல் நீரை விரைந்து உள்வாங்கி விரைந்து இழக்கிறது. களி நீரை மிகுதியாகப் பிடித்தாலும் அதில் ஒரு பகுதியை வேர்களுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. இருமண் ஒரு மீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ 150 மி.மீ. அளவு நீரைச் செடிகளுக்குப் பயன்படும் வகையில் வைத்திருக்க வல்லது. அரை மீட்டர் ஆழமுள்ள இருமண் இக்கணக்கின்படி 75 மி.மீ. நீரைச் சேமிக்கும். ஆனால் அம்மண்ணின் கன அளவில் 40 விழுக்காடு சரளையாக இருப்பின் சேமிப்பு 45 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். எனவே விசிறி மண்ணை மதிப்பிடும்போது சலித்தெடுத்த நுண்மண்ணை மட்டும் ஆய்வகத்திற்கு அனுப்பிப் பெறும் முடிவு நிலத்தின் உண்மை நிலையைக் காட்டாது. சலிப்பில் ஒதுக்கப்பட்ட சரளையின் அளவும் கணக்கில் சேர்க்கப்பட வேண்டும்.

மேற்பரப்பு: நீர் நுழையும் வாயில்

மண் எவ்வளவு நீரைச் சேமிக்க வல்லது என்பது ஒன்று. எவ்வளவு நீர் அதற்குள் நுழைகிறது என்பது வேறொன்று. பின்னதைத் தீர்மானிப்பது மேற்பரப்பின் சில சென்டிமீட்டர்களே. இருமண்ணில் வண்டல்துகள் கணிசமாக உள்ளதால், புல்லோ சருகோ மூடாத இடத்தில் விழும் மழைத்துளி மண்கட்டிகளை உடைக்கிறது. பிரிந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்து, காய்ந்தபின் மெல்லிய ஏடு போன்ற ஓடாக இறுகுகின்றன. அடுத்த மழையின்போது நீர் உட்புகாமல் வழிந்தோடுகிறது. இருமண்ணின் சிறப்பே இவ்விடத்தில் அதன் குறையாக மாறுகிறது எனலாம்.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மி.மீ. மழை என்பது 10,000 லிட்டர் நீர். ஒரு மாலையில் 30 மி.மீ. மழை பெய்து, அதில் மூன்றில் ஒரு பங்கு வழிந்தோடினால், ஹெக்டேருக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர் அந்நிலத்திற்கு இல்லாமற்போகிறது. மழைமானி 30 மி.மீ. எனக் காட்டினும், மண் பெற்றது 20 மி.மீ. மட்டுமே. மழையளவு மாறாத நிலையிலும் நிலம் வறண்டுபோவது இவ்வாறே.

முழுமையான பாலைகளில் இம்மேற்பரப்புக்கு வேறு வடிவங்களும் உண்டு. அமெரிக்காவின் மொஹாவி போன்ற பாலைகளிலுள்ள பழைய விசிறிகளின்மீது நெருங்கப் பதிந்த கற்கள் தளம்போல் அமைந்து, அவற்றின்கீழ் காற்றுக் குமிழிகள் நிறைந்த நுண்மண் அடுக்கு காணப்படுகிறது. பாசியும் நீலப்பசும் பாக்டீரியாவும் பிணைத்த உயிர்ப்படலமும் அங்குப் பல இடங்களில் மண்ணைக் காக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு அத்தகைய பாலை அன்று. மழை அதற்குப் பன்மடங்கு மிகுதி. எனினும் புல் அழிந்த இருமண் பரப்பு, நீரை ஏற்க மறுக்கும் தன்மையில் பாலை மண்ணை ஒத்துவிடுகிறது.

ஆழமும் காலமும்

விசிறியின் எல்லாப் பகுதிகளும் ஒரே வயதுடையன அல்ல. ஓடை இன்றும் வெள்ளம் பாய்ச்சும் பகுதியில் மண் இளமையானது. தோண்டிப் பார்த்தால் மணல், சரளை, நுண்மண் என வெள்ளப் படிவுகள் அடுக்கடுக்காகத் தெரியும். ஓடை விலகிச் சென்ற பழைய பகுதியில் மழைநீர் நெடுங்காலம் மண்ணுக்குள் இறங்கி மூன்று மாற்றங்களை விளைவிக்கிறது.

முதலாவது செம்மை. இப்பகுதி மலைகளின் முதன்மைப் பாறைகளான சார்னோக்கைட்டிலும் நைஸ் பாறையிலும் உள்ள இரும்புச்சத்து மிக்க கனிமங்கள் சிதையும்போது இரும்பு ஆக்ஸைடுகள் தோன்றி மண்ணுக்குச் சிவப்பு ஏற்றுகின்றன. இரண்டாவது களி இறக்கம். மேலடுக்கின் நுண்களி நீரோடு இறங்கிக் கீழடுக்கில் படிகிறது. அதனால் மேலே மணற்பாங்காகத் தோன்றும் நிலம், ஒரு முழ ஆழத்திற்குள் களிப்பாங்காக மாறக்கூடும். மூன்றாவது சுக்கான். பாறைச் சிதைவிலிருந்தும் தூசியிலிருந்தும் பெறப்பட்ட சுண்ணாம்பு, மழைநீர் வழக்கமாக இறங்கி நிற்கும் ஆழத்தில் படிந்து, முதலில் கற்களின் அடிப்புறத்தில் மெல்லிய பூச்சாகவும், பின் சிறு முடிச்சுகளாகவும், நாளடைவில் வேர் நுழையா இறுகிய அடுக்காகவும் வளர்கிறது. இப்படிநிலைகளை நியூ மெக்சிகோவின் வறண்ட விசிறி நிலங்களில் ஆராய்ந்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகியோர் 1966இல் நான்கு கட்டங்களாக வகுத்தனர்.

சுக்கான் எந்த ஆழத்தில் உள்ளது என்பது அந்நிலம் நெடுங்காலமாகப் பெற்ற ஈரத்தின் பதிவாகும். மேலடுக்கு அரிக்கப்பட்ட நிலத்தில் சுக்கான் மேற்பரப்பை நெருங்கிவிடுகிறது. கிணறு தோண்டும்போது சுக்கான் எத்தனை அடியில் தட்டியது என்று உழவர் நினைவில் வைத்திருக்கும் செய்தி, மண் ஆய்வுக்கு உதவும் மதிப்புமிக்க தரவாகும்.

புல்லும் கால்நடையும்

இம்மண்ணில் கொழுக்கட்டைப்புல் போன்ற பல்லாண்டுப் புற்கள், ஆவாரை, உசிலை, வெள்வேல் முதலியன இயல்பாக வளர்வன. பல்லாண்டுப் புல்லின் பணி தீவனம் தருவதோடு முடிவதில்லை. அதன் தூர் வழிந்தோடும் நீரின் வேகத்தைத் தடுக்கிறது. வேர் மண்கட்டிகளைப் பிணைக்கிறது. உதிர்ந்த தாள் மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. இதனால் மேற்பரப்பு திறந்த வாயிலாகவே இருக்கிறது.

தேனி மாவட்டத்து மலைமாடுகள் இந்நிலத்தோடும் மேலுள்ள காட்டோடும் பிணைந்தவை. இவற்றை மந்தையாக மேய்த்து, அறுவடைக்குப்பின் வயல்களில் கிடை அமர்த்தும் வழக்கம் உண்டு. மண்ணியல் நோக்கில் கிடை என்பது சரிவின் புல்லில் அடங்கிய சத்தைச் சாணமாகப் பள்ளத்தாக்கின் வயலுக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடாகும். இதற்கு எதிர்த்திசையில், கண்மாயில் படிந்த கரம்பையை அள்ளி மேட்டுக் காடுகளில் இடும் வழக்கமும் உண்டு. விசிறிச் சரிவிலிருந்து வழிந்தோடிய நுண்துகளே கண்மாயில் கரம்பையாகிறது என்பதால், கரம்பை இடுதல் இழந்த நுண்மண்ணை மீட்டளிக்கும் செயலாகிறது. ஆனால் கரம்பை உழவு நிலத்திற்குச் செல்கிறதேயன்றி மேய்ச்சல் நிலத்தை எட்டுவதில்லை. சத்தும் நுண்மண்ணும் ஒருவழியாகவே வெளியேறும் நிலையில், மேய்ச்சல் நிலத்திற்கு எஞ்சும் ஒரே பாதுகாப்பு புல் மீண்டும் துளிர்ப்பதற்கான ஓய்வுக் காலமாகும்.

அவ்வோய்வு இன்று குறைந்துவருவதற்கான சூழல் உள்ளது. 2021இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு வரையறுத்தது. வனவிலங்குப் பாதுகாப்பின் தேவை மறுக்கத்தக்கதன்று. எனினும் காட்டினுள் செல்ல இயலாத மந்தை, காட்டுக்கு வெளியே உள்ள குறுகிய அடிவாரப் பரப்பிலேயே தங்கும் என்பது எதிர்பார்க்கத்தக்கது. மழைக்குப்பின் ஈரமாயுள்ள இருமண், குளம்புகளால் மிதிபட்டால் எளிதில் இறுகும். காட்டைக் காக்கும் முடிவின் சுமை இவ்வாறு ஆய்வுக்கு உட்படாத ஒரு மண்ணின்மீது இறங்கக்கூடும்.

நிலை திரியும் முறை

வறள் புல்வெளி ஒருமுறை திரிந்தபின், மேய்ச்சலை நிறுத்தியதனாலேயே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பது நியூ மெக்சிகோவில் 1912இல் நிறுவப்பட்ட ஹோர்னாடா ஆய்வுப் புல்வெளியின் நீண்டகாலப் பட்டறிவு. அங்குப் புல்வெளிகளின் பெரும்பகுதி முட்புதர்க்காடாக மாறியது. ஷ்லெசிங்கர் முதலியோர் 1990இல் இதற்கு அளித்த விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. புல்வெளியில் நீரும் சத்தும் நிலமெங்கும் சீராகப் பரவியிருந்தன. புல் அழிந்தபின் அவை புதர்களின் அடியில் மட்டும் குவிந்தன. இடைவெளிகள் வெறுமையாகி இறுகின. வெற்றிடத்தில் விழும் நீர் வழிந்து புதரைச் சேர்வதால் புதர் மேலும் வளர, வெற்றிடம் மேலும் வறள்கிறது.

தமிழகத்தின் வறண்ட மேய்ச்சல் நிலங்களில் சீமைக்கருவேலம் பரவிய இடங்களை இவ்விளக்கத்தின் துணையோடு நோக்கலாம். மரத்தை வேரோடு அகற்றுவது மட்டும் தீர்வாகாது. இடைவெளியில் இறுகிய மேற்பரப்பை உடைத்து, நீரைத் தடுத்துநிறுத்தி, புல் முளைக்கச் செய்வதே நிலத்தை மீட்கும் வழி. சரிவுக்குக் குறுக்கே அமைக்கும் சிறு கல்வரப்பும், வெட்டிய முட்கிளைகளை வெற்றிடத்தில் பரப்புதலும் பெருஞ்செலவற்ற முறைகளாகும்.

நிலப்பதிவும் மண்ணும்

வருவாய்த்துறைப் பதிவுகளில் இத்தகைய நிலங்கள் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளி, தீர்வை ஏற்படாத தரிசு முதலிய பெயர்களில் இடம்பெறுவது வழக்கம். இப்பெயர்கள் உரிமையையும் வரியையும் குறிப்பன. மண்ணின் இயல்பைக் குறிப்பன அல்ல. விளைச்சலுக்கு ஏற்ப வரி விதிக்க எழுந்த முறையில், விளையாத நிலம் பயனற்றதாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் நிலத்தடி நீருக்கு வாயிலாகும் விசிறித்தலையும், ஆழமான விசிறியிடை இருமண்ணும், ஆழமற்ற சுக்கான் தரையும் ‘தரிசு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்போது, எதனைக் கட்டடத்திற்கு ஒதுக்கலாம், எதனை ஒதுக்கலாகாது என்று முடிவெடுக்க வழியில்லாமற்போகிறது. விசிறித்தலையில் நீர் இறங்குவது தடைப்பட்டால், அதன் விளைவு கீழே பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிணறுகளில் தோன்றக்கூடும்.

‘செவல்’, ‘சரளை’, ‘கரிசல்’, ‘சுக்கான்’, ‘கரம்பை’, ‘பொட்டல்’ என உழவரும் மேய்ப்பரும் வழங்கும் சொற்கள் நிறம், துகள், ஆழம், மேற்பரப்பு ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டுகின்றன. குறிப்பாகப் ‘பொட்டல்’ என்பது புல்லிழந்து இறுகிய மேற்பரப்பைக் குறிக்கும் சொல்லாக வழங்கும்போது, அது மண்வகையைச் சுட்டாமல் மண்ணின் நிலையைச் சுட்டுகிறது.

களத்தில் அறியும் முறை

இம்மண்ணை ஆராய முற்படுவோர் நான்கு செய்திகளைக் களத்திலேயே பதிவுசெய்தல் நன்று. ஒன்று, ஓடை மலையை விட்டு வெளிப்படும் வாயிலிருந்து உள்ள தொலைவும் சரிவும். இரண்டு, மேற்பரப்பில் ஓடு உள்ளதா, புல்தூர்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தின் அகலம் எவ்வளவு என்பது. மூன்று, ஈரப்படுத்திய மண்ணைக் கையால் பிசைந்து அறியும் துகளமைப்பும் சரளையின் அளவும். உருண்டையாகப் பிடிக்க இயன்று, விரலிடையே அழுத்தும்போது குறுகிய நாடாவாக நீண்டு உடைவது இருமண்ணின் அடையாளம். நான்கு, வேர் தடைப்படும் ஆழம்; அத்தடை களியா, சுக்கானா, பாறையா என்பது. நீர்த்த அமிலம் இட்டால் நுரைக்கும் அடுக்கில் சுண்ணாம்பு உண்டு.

முடிவுரை

வீரபாண்டியின் ஆற்றங்கரை வயலும் மேற்கேயுள்ள அடிவார மேய்ச்சல் நிலமும் எதிரெதிர் உலகங்கள் அல்ல. மலையிலிருந்து இறங்கும் நீர் படிப்படியாக வேகம் தணிந்து உருவாக்கிய ஒரே தொடரின் பகுதிகள். அத்தொடரின் நடுவில் அமைந்த விசிறி இருமண் நீரைச் சேமிக்கும் ஆற்றல் மிக்கது. ஆனால் அவ்வாற்றல் மெல்லிய மேற்பரப்பின் நலத்தைச் சார்ந்தது. புல் உள்ளவரை அது முல்லை நிலம். புல் நீங்கி மேற்பரப்பு இறுகிய பின், அதே மழையில் அதே மண் பாலையாகத் திரிகிறது. ஆகவே அடிவார நிலங்களைத் தரிசு என ஒருசேரக் கணக்கிடும் முறைக்கு மாற்றாக, விசிறியில் அமைந்த இடம், மேற்பரப்பின் நிலை, ஆழம் ஆகியவற்றைக் கொண்டு ஊர்தோறும் வரைபடம் அமைத்தல் இன்றியமையாதது. மந்தைகளுக்கான மாற்று மேய்ச்சல் இடங்களையும், புல்லுக்கான ஓய்வுக் காலத்தையும், நீர் ஊறும் விசிறித்தலைகளின் பாதுகாப்பையும் அவ்வரைபடத்தின் அடிப்படையில் வகுத்தலே பொருந்தும். அப்பணியில் மண்ணியலாரோடு அடிவார ஊர்களின் மேய்ப்பரும் உழவரும் இணைதல் வேண்டும்.